கறுப்பு மருதாணியும் தோலின் நினைவும்



பெருநாள் கழிந்து பத்து நாள்களுக்கு மேல் ஆகியிருக்கும். என்னிடம் ஓத வந்த சிறுமியின் வலக்கையைக் கண்டு திடுக்கிட்டேன். மருதாணி இட்ட கோடுகளின் வழியே, கோலம் மாறாமல், கொப்புளங்கள் எழும்பியிருந்தன. “காலங்காலமாக நாம் இட்டுவரும் மருதாணி இப்படிச் செய்யுமா ஹஜ்ரத்?” என்று அவளுடைய உம்மா கலங்கினார்.

இலையை அரைத்து இட்டால் நிறம் செம்மையாகவே வரும். ஏறுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். விரைவில் கன்னங்கரேலெனப் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில் பெரும்பாலும் கலந்திருப்பது, தலைச்சாயத்தில் சேர்க்கப்படும் பி.பி.டி. என்னும் இரசாயனமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது தலைச்சாயத்திலேயே 2 விழுக்காட்டுக்கு மிகலாகாது. கையில் பூச அனுமதியே இல்லை.

தோலுக்குள் நடப்பது என்ன? 1868-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர், மேல்தோலில் கிளை விரித்த செல்களைக் கண்டார்; நரம்பைச் சார்ந்தவை என்று எண்ணினார். அவை நோய் எதிர்ப்பாற்றலின் காவலர்கள் என்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே தெளிவாயிற்று. பி.பி.டி. தோலுள் எளிதாகப் புகுந்து, அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. காவல் செல்கள் அதனை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுசென்று, ‘டி’ செல்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. அவை பெருகிப் படையாக 10 முதல் 14 நாள்கள் வரை ஆகலாம். மறுமுறை அப்பொருள் பட்டாலோ, ஓரிரு நாள்களிலேயே அவ்விடம் விரைந்து தாக்குகின்றன. சிவப்பு, வீக்கம், அரிப்பு, கொப்புளம் யாவும் நம்மைக் காக்க எழுந்த அப்படையின் விளைவே.

எனவே, “சென்ற முறை இட்டபோது ஒன்றும் ஆகவில்லையே” என்பது சான்றாகாது. படை திரண்டது அப்போதாகவும் இருக்கலாம்.

கொப்புளம் சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் அந்தச் செல்களின் நினைவு பல்லாண்டுகள் நிலைக்கும். அச்சிறுமி நாற்பது வயதில் நரைக்குச் சாயமிட்டால், முகமும் கண்ணிமைகளும் வீங்கி மருத்துவமனை செல்ல நேரலாம்.

ஆகவே சகோதரிகளே! என்ன கலந்ததென்று அறியாத கோனைப் பிள்ளைகளின் கையில் வைக்காதீர்கள். கொப்புளம் கண்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதனைக் குறித்து வைத்து, பிள்ளை பெரியவளானதும் மறவாமல் சொல்லுங்கள். தலைச்சாயம் வாங்கும் நாளில் அவளைக் காப்பது அந்த ஒரு சொல்லாக இருக்கக்கூடும்.