ஊசியும் உடைமையும்

தடுப்பூசிக்கு எதிரிகள் யாவர் என வினவினால், நம்மிற் பலர் கிராமத்தையே சுட்டிக்காட்டுவர். அம்மை நோயை அம்மனின் கோபமெனக் கருதி வேப்பிலை கட்டிய பாமர மக்களை எள்ளி நகையாடுவர். இது நியாயமன்று. அப்பாமரத் தாய்தான் இன்று குழந்தையை இடுப்பிற் சுமந்து கிளினிக் வாசலிற் காத்து நிற்கிறாள். ஐயத்தை விதைப்போரிற் கற்றவரும் உளர். முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் சிலரும் அவர்களோடு சேர்ந்திருப்பதே வேதனைக்குரியது. தடுப்பூசி பன்னாட்டுக் கம்பெனிகளின் சரக்கு, ஆதலால் அதனை மறுப்பதே ஏகாதிபத்திய எதிர்ப்பு என்பது இவர்தம் வாதம்.

இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. கொவிட் தடுப்பூசிகள் மீதான காப்புரிமையைத் தற்காலிகமாக நீக்குமாறு 2020 ஒக்டோபரில் இந்தியாவும் தென்னாபிரிக்காவும் உலக வர்த்தக ஸ்தாபனத்திற் கோரின. செல்வந்த நாடுகள் பல அதனை எதிர்த்தன. ஆபிரிக்க மக்களிற் பெரும்பாலோர் முதலாவது ஊசிக்குக் காத்திருக்கையில், அந்நாடுகள் தம் மக்களுக்கு மூன்றாவது ஊசியை ஏற்றின. இது கொடிய அநீதி. ஆயினும், வறிய நாடுகள் அன்று எழுப்பிய குரல் 'ஊசி வேண்டாம்' என்பதன்று. 'எமக்கும் வேண்டும்' என்பதே.

இலாபம் கம்பெனியுடையது, விஞ்ஞானம் மனிதகுலத்தினுடையது. பசு அம்மை கண்ட பாற்காரிகளை வைசூரி தீண்டுவதில்லை என்ற நாட்டுப்புற அனுபவத்தையே 1796 இல் எட்வேட் ஜென்னர் பரிசோதித்தார். வலுக்குறைந்த கிருமியையோ அதன் ஒரு கூற்றையோ முன்கூட்டியே அறிமுகஞ் செய்தால், உடல் அதனை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது, அந்நினைவையும் பேணிக்கொள்கிறது. வைசூரியை உலகெங்கும் ஒழிக்கும் திட்டத்தை 1958 இல் முன்மொழிந்தவர் சோவியத் விஞ்ஞானி விக்டர் ஸ்தானொவ். அமெரிக்கரான சாபினின் போலியோச் சொட்டு மருந்து 1959 இல் இலட்சக்கணக்கான சோவியத் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. பனிப்போரும் அதனைத் தடுக்கவில்லை. 1980 இல் வைசூரி ஒழிந்ததென உலகம் அறிந்தது.

நமது நாட்டைப் பாருங்கள். சின்னமுத்தை இலங்கை ஒழித்துவிட்டதென 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. 2023 இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. அதற்கெதிரான முதலாவது ஊசி இங்கு ஒன்பதாம் மாதத்திலே போடப்படுகிறது. அவ்வயதை எட்டாத சிசுவுக்குக் காவல் எது? சுற்றியிருப்போரின் நிர்ப்பீடனமே. காப்பற்ற சமூகத்திற் சின்னமுத்து நோயாளி ஒருவர் 12 முதல் 18 பேருக்கு அதனைத் தொற்றச் செய்யக்கூடும். ஆதலாற்றான் நூற்றுக்கு 95 பேராவது காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். 'என் உடல், என் விருப்பம்' எனப் பேசும் தனிமனிதவாதம், அயல்வீட்டுத் தொட்டிலுக்கு என்ன மறுமொழி கூறும்?

மக்கள் ஆதரவை அதட்டலால் வென்றெடுக்க இயலாது. ஊசியின் பின் காய்ச்சல் வரலாம், கை வீங்கலாம், அரிதாகக் கடும் ஒவ்வாமையும் நேரலாம் என்பதை ஒளிக்காது கூறுவோம். ஒளித்த உண்மையே வதந்திக்கு உரமாகும். வகுப்பறையிலும் வாசிகசாலையிலும் தாய்மாரின் வினாக்களைப் பொறுமையோடு கேட்டு விடைபகர்வது ஆசிரியர்களாகிய நமது கடமை.

காப்புரிமைக் கொள்ளையை எதிர்த்துப் போராடுவோம். அப்போராட்டம் ஊசியை மக்கள் உடைமையாக்குவதற்கே. மக்களிடமிருந்து அதனைப் பறிப்பதற்கன்று.