பாலுக்கு ஆராய்ச்சி உண்டு, பால் வெட்டுகிறவனுக்கு?

ஒரு பால்மரம் ஒரு வெட்டுக்கு எவ்வளவு பால் தரும், மழைக்காலத்தில் எவ்வளவு குறையும், பட்டையை எப்படிச் சீவினால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும். அளந்து, எழுதி, அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தைச் சீவுகிறவனுடைய முதுகு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. பணம் எந்தக் கேள்விக்குக் கொடுக்கப்படுகிறதோ, அந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானம் பதில் தேடும்.

1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. அதற்குப் பணம் துரைமார் சட்டைப்பையிலிருந்து வரவில்லை. ஏற்றுமதியான ரப்பர்மீது ராத்தலுக்கு இவ்வளவு என்று விதித்த 'செஸ்' தீர்வைதான் அதற்குச் சோறு போட்டது. அந்த ராத்தலுக்குள் நம் விடியற்காலைப் பெரட்டு இருக்கிறது, கொசுக்கடி இருக்கிறது, பால்வாளி தூக்கிக் காய்ப்பேறிய தோள் இருக்கிறது. கழகத்தின் வேலையைக் குறை சொல்வதற்கில்லை. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தை அறியாத வெட்டாளி யார்? பழைய விதைமரத்தைவிடப் பன்மடங்கு பால் தந்த மரம் அது. ஆனால் மரத்தின் நோய்க்கு நிபுணர் இருந்த அளவுக்கு மனிதனின் நோய்க்கு இருந்தாரா?

இருந்த காலமும் உண்டு. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நூறாண்டுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்றொரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மரத்துப்போகும், பிறகு இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளரே மிகுதியாக மாண்டனர். தமிழரை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஏன்? 1905இல் டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் சோதித்தார். ஒரு பாதிப் பேருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி. மறுபாதிப் பேருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி தின்ற கூட்டத்தில் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசிக் கூட்டத்தில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் குத்தியதில் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கி நின்றதே காரணம் என்று பின்னால் தெரிந்தது. (அந்த விடுதிக்காரர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் மறக்கக்கூடாது.)

மலேரியாவும் அப்படித்தான். 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். அதே வழியை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! காரணம், தாழ்நிலத்துக் கொசு காட்டு நிழலை விரும்பும். மலைப்பக்கத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். காட்டை வெட்டித் தோட்டம் போட்டதே அதற்குத் தொட்டில் கட்டியதாயிற்று. 1911ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில தோட்டங்களில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் ஓராண்டில் மாண்டிருக்கிறார்கள். பிறகு ஓடைகளில் எண்ணெய் தெளித்தும், நிலத்தடிக் குழாய் பதித்தும் அடக்கினார்கள்.

இதற்கெல்லாம் பணம் எப்படி வந்தது? கருணையும் கொஞ்சம் இருக்கலாம். கணக்கு நிச்சயமாக இருந்தது. 1907 முதல் தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் வேலையாள் கணக்குப்படி பணம் கட்டி வந்தார்கள். ஓர் ஆள் செத்தால் இன்னோர் ஆளை நாகப்பட்டினத்தில் கப்பலேற்ற வேண்டும். சாவு அவர்களுக்கும் நஷ்டம். ஆகவே ஆராய்ச்சி நடந்தது.

உடனே சாகாமல் மெல்லச் சாகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவுவதில்லை. மருந்தடிப்பு வேலையைப் பாருங்கள். முன்பு சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாணம். 1960களில் பாராகுவாட் வந்தது. தோட்டத்தில் கிராமோக்சோன் என்றால் தெரியும். முதுகில் பம்பைச் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். அந்த மருந்து வயிற்றில் போனால் நுரையீரலை அழிக்கும், முறிமருந்து கிடையாது. மேலே பட்டாலே தோல் புண்ணாகும், மூக்கில் இரத்தம் வரும்.

சுவிட்சர்லாந்து 1989இலேயே அதற்குத் தடை போட்டது. இங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்க அனுமதி கேட்கும் கம்பெனியே தன் மருந்தைப் பற்றிய பரிசோதனை விவரங்களைக் கொடுக்க வேண்டும். பெண் பார்க்கப் போனவன், பெண்ணைப் பற்றிப் பெண்ணின் தகப்பனிடம் மட்டும் விசாரித்தது போல! பொதுப்பணத்தில் தோட்டத்திற்குள் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. தெனாகனித்தாவும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கத்தாரும் தாமே தொழிலாளப் பெண்களிடம் விசாரித்து 2002இல் அறிக்கை வெளியிட்டனர். அதே ஆண்டு அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் இன்னும் ஆராய வேண்டும் என்று தடையைத் தளர்த்தினார்கள். முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாள்தான் வந்தது. ஆராய்ச்சி இல்லாததாலும் தாமதம், ஆராய்ச்சி நடக்கிறது என்பதாலும் தாமதம்.

இதோடு இன்னொன்றையும் ஒப்பிடுங்கள். 1991இல் அமெரிக்காவில் ரப்பர்ப் பொருள்களால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிறது என்று எச்சரிக்கை வந்தது. கையுறைச் சந்தைக்கு ஆபத்து! நம் ஆராய்ச்சியாளர் புரதம் குறைந்த கையுறை செய்யும் வழியைத் தேடினார்கள், தரமுத்திரையும் வந்தது. நல்ல வேலைதான். அமெரிக்க நர்சின் கை அரிப்புக்குக் கிடைத்த அவசரம், ஜொகூர்ப் பெண்ணின் கைப் புண்ணுக்குக் கிடைத்ததா?

என் பெரியம்மா செகாமாட் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினெட்டு ஆண்டு மருந்தடித்தவர். கை நகங்கள் ஒவ்வொன்றாய்க் கறுத்து விழுந்தன. டிரெசர் ஒரு களிம்பு கொடுத்துப் புத்தகத்தில் 'அரிப்பு' என்று எழுதினார். என்ன மருந்து அடித்தாள், எத்தனை நாள் அடித்தாள் என்று எழுதவில்லை. பின்னாளில் சொக்சோவுக்குக் காட்ட அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இங்கேதான் கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஐயா, பால் எடையைப் புள்ளி தவறாமல் எழுதுகிற கை உங்களுடையது. இப்போது பாராகுவாட் போய் கிளைபோசேட், குளுஃபோசினேட் வந்திருக்கின்றன. கிளைபோசேட் புற்றுநோய் தரக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015இல் சொன்னது. வேறு சில நாட்டு அதிகாரிகள் இல்லை என்கிறார்கள். அடிக்கிறவர் இன்று வங்காளதேசத்துப் பையனாகவோ இந்தோனேசியப் பெண்ணாகவோ இருக்கலாம். அவர்களும் நம் லயத்து ஆட்கள்தாம். யார், எந்த மருந்து, எத்தனை நாள், என்ன உபாதை என்று நான்கு கட்டம் போட்டு ஒரு நோட்டு வையுங்கள்.

ரப்பர் செஸ் பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் உடல்நலத்தை ஆராய ஒதுக்க வேண்டும், எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி உட்கார வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். கேட்டால், "உங்களிடம் புள்ளிவிவரம் இருக்கிறதா?" என்பார்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.