வாய்ப்பூட்டும் கள்ளச்சாவியும்

ஊருக்குத் தீ வைத்தவனைப் பிடிக்க இயலாத அரசு, ஊர்க் கிணறுகளையெல்லாம் மூடிவைத்தால் அதனை அறிவுடைமை என்போமா? வட்ஸ்அப், வைபர் முதலியவற்றுக்கு இந்நாட்டில் விதிக்கப்பட்ட தடைகளும் அத்தகையனவே என்கிறோம் நாம்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, இச்சேவைகள் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் உலாவியது மெய்யே. பேஸ்புக் நிறுவனமே 2020இல் அதற்காக வருத்தம் தெரிவித்தது. ஆயின் பூட்டு வன்முறையைக் கட்டியதா? 2019 மே 13ஆம் நாள் தடை விதிக்கப்பட்டது. அன்றே மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. கட்டுண்டவர் யார்? அவ்வாண்டு உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த வேளை, உற்றாரின் உயிரை வைபரில் விசாரிக்க முயன்ற கடல்கடந்த பிள்ளைகளே! 1990களின் முற்பகுதியில் தொலைபேசியின்றித் தவித்த யாழ்ப்பாணத்தார்க்கு அவ்வேதனை ஏட்டுப் பாடமன்று.

2022 ஏப்ரல் 3இல் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படை. அன்று இனக்கலவரம் எதுவுமில்லை; பொருளாதார நெருக்கடியால் வெகுண்ட மக்கள் வீதிக்கு வரவிருந்தனர், அவ்வளவே. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில் நள்ளிரவில் பூட்டு விழுந்தது. அப்போதைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, வீ.பி.என். இருக்கையில் இத்தகைய தடை பயனற்றதென வெளிப்படையாக எழுதினார். மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டது. பிற்பகலில் பூட்டுத் திறந்தது. அமைச்சர் கையில் கள்ளச்சாவி. குடிமக்கள் வாயில் பூட்டு! இதுவோ ஆட்சி?

வீ.பி.என். என்பது, நம் செய்தியை மறைகுறியாக்கி, பிறநாட்டுக் கணினியொன்றின் வழியாக உரிய இடம் சேர்ப்பிக்கும் சேவை. அது எங்கே செல்கிறதென்பது இங்குள்ள தொலைபேசி நிறுவனத்துக்குப் புலப்படாது. நகரத்துச் சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் இது பழகிய வழி. தம்புள்ளைச் சந்தையின் விலையை வட்ஸ்அப்பில் கேட்டு மரக்கறி ஏற்றும் விவசாயிக்கோ, தடை விழுந்தபின் அதனைத் தேடுவது எளிதன்று. தேடிப் பெற்றாலும், தொலைபேசி நிறுவனத்துக்கு மறைந்த நம் போக்குவரத்து அச்சேவையை நடத்துபவனுக்கு மறையாது. இலவசமென்று கண்டதையெல்லாம் நம்புதல் தகாது. நம்பத்தக்க ஒன்றை முன்கூட்டியே அறிந்து, அயலிலுள்ள விவசாயிக்கும் கற்பிப்பது கற்றோர் கடன்.

எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. கள்ளச்சாவி அவசரத்துக்கு உதவும், அது உரிமையாகிவிடாது. சொந்த வீட்டுக்குள் நுழையப் பின்வேலி தாண்டுபவன் சுதந்திர மனிதன் அல்லன்.

ஆதலின் நாம் கேட்பது இதுவே. தீ மூட்டுவோரைச் சட்டப்படி பிடியுங்கள். தடை அவசியமென்று கருதினால் நீதிமன்றத்தின் முன் காரணம் கூறுங்கள், அக்காரணத்தை மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள், முடிவுநாளையும் குறியுங்கள். நள்ளிரவில் ஒரு வேண்டுகோளால் இரண்டு கோடி மக்களின் வாயைப் பூட்டும் அதிகாரம், எக்கட்சி ஆண்டாலும், எவர் கையிலும் இருத்தலாகாது.