பாலாறும் நீர்நாயும்

ஆம்பூருக்குப் போய் வருகிறோம் என்றால் பிரியாணியைப் பற்றி விசாரிக்காத சிநேகிதர் கிடையாது. நீர்நாயைப் பற்றி விசாரிப்பவரோ ஒருவரும் இல்லை. பெயரில் நாய் இருப்பதனால், தண்ணீரில் விழுந்த தெருநாய் என்று எண்ணுகிறவர்கள்கூட உண்டு! அது நாய் ஜாதியே அன்று. சங்கப் புலவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகையைப் புரட்டிப் பாருங்கள். மருத நிலத்திலே வாளை மீனை அன்றாட இரையாகப் பெறும் நீர்நாயை அங்கே காணலாம்.

இந்தப் பிராணி கேட்பது அதிகமில்லை. வற்றாத ஜலம், அதில் மீன், வளை தோண்டக் கரை, மறைந்துகொள்ளக் கோரைப் புதர். காவிரியில் இவை இன்னும் இருக்கின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் 2022-இல் சர்க்கார் ஏற்படுத்திய காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் நீர்நாய்களையும் உத்தேசித்ததுதான். பாலாற்றங்கரையில் எதை உத்தேசிப்பது? வருஷத்தில் பெரும் பகுதி மணலாய்க் கிடக்கும் அந்த நதியில், ஓடுவதே பல இடங்களில் கழிவு ஜலந்தான்.

ஆவாரம்பட்டையினால் தோல் பதனிட்ட காலத்தில் இவ்வளவு விபரீதம் இல்லை. 1970-களில், அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாமல் முழுச் சரக்காகவே அனுப்பவேண்டும் என்று இந்திய சர்க்கார் வற்புறுத்தினர். குரோமிய உப்பு பரவியது. ஆனால் குரோமியத்தைக் காட்டிலும் பொல்லாதது, நாம் ஊறுகாய்க்குப் போடும் சாதாரண உப்பேயாகும். பச்சைத் தோல் அழுகாதிருக்க அதை அப்பிவைக்கிறார்கள். ஊறப்போடும்போது அவ்வளவும் கரைந்து வெளியே வருகிறது. குரோமியத்தைப் பிரித்து மறுபடியும் உபயோகிக்கலாம். கரைந்த உப்பைப் பிரிப்பதற்கோ பெருஞ்செலவு பிடிக்கிறது. உப்பேறிய கிணற்றில் பயிரும் பிழைக்காது.

வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் 1991-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பில், ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் ஜலம் செலவாகிறது என்றும், பரிசோதித்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்றும் கண்டிருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்ற நியாயத்தை நம் தேசத்துச் சட்டத்தில் உறுதியாக நாட்டிய தீர்ப்பு அது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். தொகை பெரிதென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தொழிற்சாலைகளை இழுத்து மூடிவிடலாமே என்பவர்களோடு நமக்குச் சம்மதமில்லை. ஆம்பூரில் பாதரட்சை தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஸ்திரீகள் ஆயிரக்கணக்கானவர்கள். உப்பை எடுக்கும் செலவைப் பாதரட்சையின் விலையில் சேர்த்து, வாங்குகிறவர் தலையில் கட்டுவதே நியாயம் என்று தோன்றுகிறது.

நீர்நாய்க்கும் விரோதிகள் உண்டு. வலையிலுள்ள மீனைத் தின்பதோடு வலையையும் கிழித்துவிடுகிறது என்பது மீனவர்களின் புகார். வலை வாங்கக் கடன்பட்டவனுக்குப் பிராணி தயையைப் பற்றி உபதேசம் செய்வது சுலபந்தான். கிழிந்த வலைக்கு யார் பணம் கொடுப்பது? வங்காள தேசத்து நடாயில் பக்கத்தில் மட்டும், நீர்நாயைப் பழக்கி மீனை வலைக்குள் விரட்டச் செய்யும் செம்படவர்கள் இருக்கிறார்கள்.

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் ஆறு சாக்கடையாய்த்தான் இருந்தது. 1977-இல் பிரதம மந்திரி லீ குவான் யூ பத்து வருஷ கெடு வைத்தார். 1987-இல் வேலை முடிந்தது. 1990-களின் பிற்பகுதியில், யாரும் அழைக்காமலே நீர்நாய்கள் திரும்பி வந்தன. இன்று நகரத்தின் நடுவே குடும்பம் குடும்பமாய்த் திரிகின்றன. தனவந்தர் வீட்டுத் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் மீன்களைத் தின்றுவிடுகின்றன என்பதே அங்குள்ள புகார்!

வேலூர் விஷயத்தில், வழக்குத் தொடுத்து 34 வருஷங்களுக்குப் பிறகு, 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஓர் உத்தரவு பிறப்பித்தது. நஷ்டமடைந்தவர்களுக்கு ஈடு கொடுக்கவேண்டும், பாலாற்றைச் சீர்ப்படுத்தவேண்டும் என்பதே அதன் சாராம்சம்.