வளர்ந்த பிறகு திட்டம் போட முடியாது

சிறு நகரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. “இது என்ன சென்னையா, பெங்களூரா? ஊர் முதலில் வளரட்டும், திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” மனை விற்பவர்கள் சொல்கிறார்கள், கவுன்சிலர்கள் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். இந்தப் பேச்சு ஊருக்குக் கெடுதல் செய்வது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிடலாம். பெருநகரத்தை உதாரணம் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால், ஏறத்தாழ கும்பகோணம் அளவே உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். குஜராத்தில் கட்ச் மாவட்டத்தின் தலைநகரான புஜ்.

முதல் காரணம், ஊர் சிறியது என்பது. சிறியதாக இருக்கும்போதுதான் திட்டம் மலிவு. காலி வயலின் வரைபடத்தில் அறுபது அடிச் சாலைக்குக் கோடு போட ஒரு பென்சில் போதும். அதே கோட்டை இருபது வருடம் கழித்துப் போட்டால் அது யாரோ ஒருவருடைய சமையலறை வழியாகப் போகும். புஜ்ஜின் பழைய நகரம் மதிலுக்குள் நெருக்கிக் கட்டப்பட்டது. குறுகிய தெருக்கள், மறுமுனை அடைபட்ட முட்டுச்சந்துகள். 2001 ஜனவரி 26 காலை பூமி குலுங்கியபோது இரண்டு பக்கத்து வீடுகளும் தெருவுக்குள்ளேயே சரிந்தன. வெளியே ஓடி வந்தவர்கள் தெருவிலேயே இடிபாட்டுக்குள் சிக்கினார்கள். மீட்பு வண்டிகள் உள்ளே நுழைய முடியவில்லை. அகலமான தெரு ஆடம்பரமா, உயிர்நாடியா என்பதை அந்த ஊர் மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

நம் பக்கத்தில் நிலநடுக்கம் வராவிட்டாலும் கணக்கு இதேதான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான், எத்தனை ஊர்கள் சாலையும் பூங்காவும் வடிகாலும் இல்லாமல் பரவிவிட்டன என்று அரசே கவலைப்பட்டது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன, கட்டணம் கட்டியவர்களுக்குக் காகிதம் கிடைத்தது. பூங்காவுக்கு விட்டிருக்க வேண்டிய இடம் அந்தக் காகிதத்தால் திரும்பி வரவில்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையே கண்மாய் நிலத்தில்தான் எழுந்தது. திட்டமில்லாத ஊரில் காலியாகக் கிடக்கும் இடம் நீர்நிலை ஒன்றுதான். அதனால் எல்லாக் கட்டடமும் அங்கேயே போய் உட்காருகிறது.

அடுத்த காரணம் மக்களை உண்மையிலேயே பயமுறுத்துவது: திட்டம் என்று வந்தால் ஏழையின் நிலம் போய்விடும். பயத்தில் நியாயம் இருக்கிறது. நிலம் கையகப்படுத்தப்பட்டு வருடக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கையகப்படுத்துவது மட்டும்தான் வழி என்று யார் சொன்னது? புஜ்ஜில் வேறு வழியில் செய்தார்கள். மதிலுக்குள் இருந்த நகரத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லா மனைகளையும் கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைச் சாலைக்கும் பொது இடத்துக்கும் எடுத்துக்கொண்டு, மீதியைச் சீரான வடிவத்தில் அதே உரிமையாளருக்கு, கூடுமானவரை அதே இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பிடித்தம் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. மிகச் சிறிய மனைக்குப் பிடித்தமே கிடையாது. மனை பெரிதாகப் பெரிதாகப் பங்கும் கூடியது.

ஒரு முட்டுச்சந்தை நினைத்துப் பாருங்கள். சந்தின் கடைசியில் இருக்கும் வீட்டுக்காரர் தன் மனையில் ஒரு கீற்றை விட்டால்தான் சந்து அடுத்த தெருவோடு சேரும். அவர் மட்டும் ஏன் இழக்க வேண்டும்? இந்த முறையில் அவர் மட்டும் இழப்பதில்லை. சந்தில் உள்ள எல்லோருடைய எல்லையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்கிறது. கடைசி வீடு முழுசாகப் பறிபோகாமல் சந்து இரு முனையும் திறந்த தெருவாகிறது, எல்லோருடைய மனையின் மதிப்பும் கூடுகிறது. இடிந்துபோன ஊரில், துக்கம் ஆறாத குடும்பங்களிடம் இதைப் பேசி ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது என்றால், அமைதியாக இருக்கும் ஓர் ஊரில் முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். இது நேற்று வந்த யோசனையும் கிடையாது. 1915ஆம் ஆண்டு பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து அந்த மாகாணத்தில் நடைமுறையில் இருப்பது.

மூன்றாவது, பணம். புஜ்ஜுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் வந்தது, நமக்கு யார் தருவார்கள் என்பார்கள். கடன் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் இடிந்துபோன ஊரைத் திரும்பக் கட்ட வந்த பணம். இடியாத ஊரில் திட்டமிட அவ்வளவு தேவையில்லை. இதற்குச் சான்று தேடிக் கட்சுக்குப் போகவும் வேண்டாம், தஞ்சாவூரே போதும். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1915 வாக்கில் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருக்கமான குடியிருப்பை இடித்து நேர்கோட்டில் அகலச் சாலைகள் போடலாம் என்பது அப்போதிருந்த யோசனை. கெடிஸ் அந்தச் சந்துகளில் நடந்து பார்த்தார். பாழடைந்து கிடக்கும் சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடங்களைச் சிறு திறந்த வெளிகளாக்கி மரம் வைத்தால் காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், குடியிருப்பவர்களை விரட்ட வேண்டாம், செலவும் பல மடங்கு குறையும் என்று காட்டினார். ஊரைப் பார்க்காமல் போடும் திட்டத்துக்குத்தான் கோடிகள் தேவைப்படுகின்றன.

கடைசிக் காரணம்தான் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது. “மக்களுக்கு என்ன தெரியும்? இது நிபுணர்கள் வேலை.” புஜ்ஜின் நடுவில் ஹமீர்சர் என்று ஓர் ஏரி இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில், மழை அரிதான அந்த மண்ணில், சுற்றுவட்டாரத்திலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கொண்டு வந்து சேர்த்த ஏரி. இன்றைக்கும் அது நிரம்பி வழிந்தால் ஊருக்கே விடுமுறை. நகராட்சித் தலைவர் கரைக்கு வந்து பூசை செய்து தண்ணீரை வரவேற்பார், லட்டு செய்து விருந்து போடுவார்கள். நிலநடுக்கத்துக்குப் பிந்தைய திட்டம் சாலையையும் மனையையும் கவனித்த அளவுக்கு இந்த வரத்துக் கால்வாய்களைக் கவனிக்கவில்லை. புதிதாக விரிந்த நகரம் அவற்றில் சிலவற்றை மறித்தது. பிறகு உள்ளூர்க்காரர்களும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்துதான் கால்வாய்கள் எங்கே தொடங்கி எங்கே போகின்றன என்று தேடி வரைந்தார்கள், ஏரிகளை மீட்கும் வேலையில் இறங்கினார்கள். நிபுணர்கள் விட்டதைப் பிடித்தவர்கள் அந்த ஏரி நிரம்புவதைக் கொண்டாடும் மக்கள். நல்ல திட்டத்திலேயே இந்த ஓட்டை விழுந்தது என்றால், மக்களைக் கேட்காமல் அலுவலகத்திலேயே முடிக்கும் திட்டத்தில் எத்தனை விழும்?

தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மாஸ்டர் பிளான் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்ட பிறகே அதை இறுதி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் வந்தன. பயன்படுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். உங்கள் ஊரின் மாஸ்டர் பிளான் எந்த வருடத்தியது என்று நகராட்சியில் கேளுங்கள். வரைபடத்தை வாங்கி, அதில் உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் வாய்க்கால் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், அடுத்த பகுதி சபையில் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.