பார்ட்டிஷனும் முடிச்சூர் வெள்ளமும்

லினக்ஸ் நிறுவும்போது, "எல்லாத்தையும் ஒரே பார்ட்டிஷன்ல போட்டுடவா?"ன்னு இன்ஸ்டாலர் கேட்கும். நம்ம மக்களும் சரிப்பான்னு என்டர் தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. எனக்கு இதில் சுத்தமா உடன்பாடு இல்லை.

சர்வர்னா ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டிடத்துல மட்டும்தான் இருக்கணுமா என்ன? சேலையூர்லயும் மேடவாக்கத்துலயும் ஒரு பழைய டப்பாவுல லினக்ஸ் போட்டு, அதுலயே கணக்கு வழக்கு பார்க்கிற சின்ன ஆபீஸுக்கும் அது சர்வர்தான். அங்கே ஏதோ ஒரு ப்ரோகிராம் கிறுக்குப் பிடிச்சு ராத்திரி முழுக்க ஒரே பிழைச்செய்தியை லாக்ல எழுதிட்டே இருக்கும். எல்லாம் ஒரே பார்ட்டிஷன்னா, காலையில ஒரு பில் சேமிக்கக்கூட இடம் இருக்காது. ஈ.எக்ஸ்.டி.4 வழக்கமா ரூட்டுக்குன்னு 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும், உண்மைதான். ஆனா எழுதுற ப்ரோகிராமே ரூட் அதிகாரத்துல ஓடினா அதையும் சேர்த்து முழுங்கிடும்.

'வார்' டைரக்டரியைத் தனியா பிரின்னு எல்லாரும் சொல்வாங்க. அது மட்டும் போதாதுங்கிறது என் கட்சி. டெபியன், உபுண்டுல மைஎஸ்க்யூஎல் டேட்டாவும் அதே 'வார்'க்குள்ளதான் குடியிருக்கு. லாக் பெருத்தா அடுத்த அடி டேட்டாபேஸுக்குத்தான். 'வார்' உள்ளே இருக்கிற 'லாக்'கைத் தனியா பிரிங்க. 'ஹோம்' தனியா இருக்கணும்னு சொல்லவே வேண்டாம். சிஸ்டத்தை மறுபடி நிறுவும்போது அதை ஃபார்மேட் பண்ணாம அப்படியே எடுத்துக்கலாம்.

"ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் காலியா கிடக்குமே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்குத்தான் எல்.வி.எம். முதல்ல கம்மியா கொடுத்துட்டு மிச்சத்தை யாருக்கும் ஒதுக்காம வச்சிருங்க. ஈ.எக்ஸ்.டி.4ஐ ஓடிட்டு இருக்கும்போதே பெருசாக்கலாம். சின்னதாக்கணும்னா அன்மவுண்ட் பண்ணியே ஆகணும். எக்ஸ்.எஃப்.எஸ்.ஸைச் சின்னதாக்கணும்னு கனவுகூட காணாதீங்க.

கரண்ட் கட்? 2001ல் லினக்ஸுக்குள்ள வந்த ஈ.எக்ஸ்.டி.3லேர்ந்து ஜர்னல் இருக்கு. பட்டுனு கரண்ட் போய் வந்தாலும் மொத்த டிஸ்க்கையும் துழாவிட்டு இருக்க வேண்டியதில்லை. அது காப்பாத்துறது ஃபைல் சிஸ்டத்தோட எலும்புக்கூட்டை. டிஸ்க்குக்கே போய்ச் சேராத உங்க கடைசி நாலு வரிக்கு அது பொறுப்பில்லை. யு.பி.எஸ். வாங்குங்க சாமி.

இவ்வளவு பிரிச்சும் ஒரு விஷயத்துக்கு இது உதவாது. 2015 டிசம்பர்ல அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்துச்சே, தரையில கேபினெட் வச்சிருந்தா அதுக்குள்ள எத்தனை பார்ட்டிஷன் இருந்து என்ன பிரயோஜனம்? ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு பண்ணியிருந்தாலும் ரெண்டும் அதே தண்ணியிலதான். 'ஹோம்' தனியா இருந்தா அதை மட்டும் ஆர்சிங்க்ல அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு அனுப்புறது சுலபம். அந்த டிஸ்க்கை அதே மேஜை டிராயர்ல வைக்காதீங்க. திருச்சியில மாமா வீடு இருந்தா ரொம்ப நல்லது. இல்லேன்னா மூணாவது மாடிக்காரரைச் சிநேகம் பிடிச்சு வைங்க.