ஊசியை எடுக்குமுன்

சாலைக் கம்போளத்தை ஒட்டிய ஆரியசாலையில் மிளகாய்த் தூளும் தவிட்டுத் தூசியும் நமக்குப் பழகிவிட்டன. கைபேசிக்குப் பழகவில்லை போலும்! சென்ற மாதம் நான் பேசுவது சென்னையிலுள்ள மகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அப்பா, அப்பா" என்று அவள் பதறுவது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. விரல்கொண்டு தமிழ் தட்டச்சு செய்யவராத என்னைப் போன்ற முதியோருக்குக் குரல்தானே கடிதம்?

பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். எதையும் கேளாமல் ஊசியால் துளையைக் குடைந்தார்கள். அரைகுறையாகக் கேட்டதும் போயிற்று. மைக்கின் சவ்வு தலைமுடியைவிட மிக மெல்லியது, ஊசி தாங்குமா?

சோதிக்காமல் ஊசியைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி. முதலில் உறையைக் கழற்றிவிட்டு, குரல்பதிவுச் செயலியில் பத்து விநாடி பேசிக் கேளுங்கள். பதிவு தெளிவாக இருந்து, வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்கவில்லையா? அந்தச் செயலிக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ப்ளூடூத் இணைப்பையும் துண்டித்துப் பாருங்கள். பெரும்பாலான கைபேசிகளில் சார்ஜ் செய்யும் இடத்தருகே ஒரு மைக்கும், இரைச்சலைக் குறைக்க மேல்விளிம்பில் இன்னொன்றும் உண்டு. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் எதிர்முனைக்குக் கேட்கிறதென்றால், கீழ் மைக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தாலே சில வேளை சரியாகிவிடும்.

பல மாடல்களில் கீழ் மைக் சார்ஜிங் போர்டிலேயே இருக்கிறது, என்னுடையதும் அப்படித்தான். வேறொரு கடையில் போர்டை மாற்றினேன். அங்கிருந்தே மகளை அழைத்துப் பேசிய பிறகுதான் பணத்தை எடுத்தேன்.